ஆயுத பூஜைக்குத் திரும்பிப் போன கணினி

நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகிற சாலையில், காவிரிக்கு வெகு முன்னாலேயே காற்றில் மக்காச்சோள மாவும் கருவாட்டுத் தூளும் கலந்து வீசத் தொடங்கினால் அந்தக் கோழித் தீவன ஆலை வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருக்கும் கணினிகளுக்கெல்லாம் நான்தான் வைத்தியன். மாதச் சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் போவேன். கூப்பிடும்போதெல்லாம் ஆலை முதலாளி முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங் சார், இப்பக் கெளம்புனா எத்தன மணிக்கு வந்து சேருவீங்க?" அவசரத்தில் கேட்பதாக ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாசலில் கால் வைக்கும் நேரம் ராகு காலமா எமகண்டமா என்று பார்க்கத்தான் கேட்கிறார். சில நாட்கள் ஆலைக்கு எதிரே இருக்கும் இளநீர்க் கடையில் என்னை நிறுத்திவைத்து, நேரம் நல்லதான பிறகு கையசைத்து உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரரின் வியாபாரத்தில் பஞ்சாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்குனி மாதத் திங்கட்கிழமை அவர் நேரம் கேட்கவில்லை. "எடை மேடை மிசினு தொறக்க மாட்டீங்குது. லாரி ரோடு வரைக்கும் நிக்குது. எப்படியாச்சும் வாங்க" என்றார். மனிதர் எவ்வளவு கலங்கியிருந்தால் நேரம் கேட்க மறந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். எடை மேடையை ஒட்டிய கண்ணாடி அறைக்கு வெளியே, சோற்றுப் பையைக் கையில் பிடித்தபடி, அந்த அறையில் ஏழெட்டு வருடங்களாக உட்கார்ந்து எடை போடும் பெண் நின்றிருந்தார். சேலம் டவுனில் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டவர். ஓட்டுநர்களுக்கு அவர் பாயம்மா. பாயம்மா சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் எடையைப் பற்றி எவனும் வாய் திறக்கமாட்டான். மழையில் நனைந்த சாக்கு எவ்வளவு கூடுதலாகக் காட்டும் என்று மேடையில் ஏறும் லாரியின் தார்ப்பாயைப் பார்த்தே சொல்லி, இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்பவர்.

உள்ளே, அவருடைய நாற்காலியில், முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். முதலாளி மனைவியின் தம்பி. ஈரோட்டில் மூன்று மாதம் ஏதோ கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர். அந்த மூன்று மாதத்தை அவர் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்று பாயம்மாவிடம் கேட்டேன்.

"காலைல வந்து பாஸ்வேர்டு போட்டேன். உள்ள விடல. என்னமோ இங்கிலீஷ்ல எழுதி வந்துச்சு. நான் எதையோ மாத்திப்புட்டேன்னு சொல்றாங்க." குரலில் அழுகை இல்லை. அழுகையைத் தாண்டிய ஒரு வறட்சி. "மத்தியானம் சாவியக் குடுத்துட்டுப் போயிரணுமாம். போறதப் பத்தி இல்லைங்க சார். எடையில கை வெச்சவள்னு ஒரு பேரு வந்துச்சுன்னா, இந்த நாமக்கல்லு சுத்து வட்டாரத்துல எந்த மில்லுல என்னைய ஒக்கார வெப்பாங்க?"

அவர் சொன்னது உண்மை. எடை மேடைக்காரருக்கு இருக்கிற ஒரே முதலீடு பேர்தான். தீவன ஆலைகளுக்கிடையே லாரிகள் போகிற வேகத்தைவிடச் செய்தி வேகமாகப் போகும்.

நான் திரையைப் பார்த்தேன். இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒற்றை வரி. இந்த வரியை நான் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டது போலப் பதறவைக்கிற வாசகம். விஷயம் அவ்வளவு பெரிதல்ல. ஆலையில் இருக்கிற எல்லாக் கணினிகளும் முதலாளி அறைக்குப் பின்னால் ஏசியில் சுகமாக இருக்கும் ஒரு சர்வருக்குக் கட்டுப்பட்டவை. அந்தக் குடும்பத்துக்குத்தான் டொமைன் என்று பெயர். ஒவ்வொரு கணினிக்கும் சர்வருக்கும் இடையே ஒரு ரகசியச் சொல் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றிச் சர்வரிடம் சொல்லிவைக்கும். மனிதர் எவரும் அதைப் பார்த்ததில்லை. நான் டொமைன் போட்டுக் கொடுத்த புதிதில் முதலாளிக்கு இதுதான் பிடிக்காமல் இருந்தது. தன் கூரைக்குக் கீழே தனக்குத் தெரியாமல் இரண்டு பேர் ரகசியம் பேசிக்கொள்வதாவது.

"நேத்து இந்த மெஷின்ல யாராவது ஏதாவது பண்ணீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே பண்ணலீங்க" என்றார் மச்சினன், நான் கேட்டு முடிப்பதற்குள்.

என் தொழிலில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் எந்த ஊரிலும் மாறுவதில்லை. சேலத்து ஆஸ்பத்திரியிலும் இதுதான், ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் கிடங்கிலும் இதுதான். கணினிகள் தாமாகவே, ஆள் இல்லாத நேரத்தில், மனம் கசந்து கெட்டுப்போகின்றன.

மச்சினனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அந்த மெஷினுக்கென்று தனியாக வைத்திருந்த நிர்வாகக் கணக்கில் உள்ளே போனேன். திரை விரிந்தது. விரிந்ததும் எனக்கு ஒரு கணம் கிறுகிறுத்துவிட்டது. வெளியே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. திரையிலோ ஆயுத பூஜை. வாழைக்கன்று கட்டிய எடை மேடை, மாலை போட்ட லாரி, பொரியும் கடலையும், நடுவில் வெள்ளைச் சட்டையில் முதலாளி. போன ஆயுத பூஜை அன்று எடுத்து முகப்பில் போட்டிருந்த படம். அதை நானே தை மாதத்தில் எடுத்துவிட்டு வெறும் நீலத்தைப் போட்டிருந்தேன். தை மாதம் நான் மாட்டிய புது பிரிண்டரும் காணோம். மாசியில் வந்த கோப்புகளும் காணோம். கணினி ஐந்தாறு மாதம் பின்னால் போய், புரட்டாசியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"இத யாரு பழைய நாளுக்குக் கொண்டுபோனது?"

மச்சினன் இப்போது ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது போலப் பெருமையாகவே சொன்னார். "நாந்தேன். நேத்து ஞாயித்துக்கெழம ஒரு படம் பாக்கலாம்னு பென் டிரைவப் போட்டனுங்க. மிசினு சுத்திக்கிட்டே நின்னுபோச்சு. அதான் பூஜை டிஸ்க்கப் போட்டு ஏத்திவுட்டேன். ஏத்துனதும் நல்லா சுறுசுறுன்னு ஆயிருச்சு."

"பூஜை டிஸ்க்கா?"

அப்போதுதான் எனக்கு அந்த ஏற்பாடு தெரிந்தது. ஆயுத பூஜை முடிந்த கையோடு, நல்ல நேரத்தில், மச்சினன் எடை மேடைக் கணினியை அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்திருக்கிறார். முதலாளியின் யோசனை. சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, புனிதமாக இருக்கும் நிலையில் ஒரு மெஷினைப் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் என்ன தீட்டுப் பட்டாலும் அந்த நல்ல நாளுக்கே திருப்பிவிடலாம் அல்லவா. டிஸ்க் பூஜை அலமாரியில் இருந்தது. கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் துணியில் சுற்றி வந்தது. கேபிள் சொருகும் துளையில் குங்குமம் அப்பியிருந்தது. தகவல் தொழில்நுட்பத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், நகல் எடுத்து வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே மனிதர் அதற்குக் குங்குமமும் பூசிவிட்டார்.

முதலாளி அறைக்குப் போய் விளக்கினேன். மெஷின் மாதாமாதம் ரகசியச் சொல்லை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. சர்வர் புதுச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. நேற்று மெஷினைப் புரட்டாசிக்குத் தள்ளிவிட்டீர்கள். அது காலையில் எழுந்து புரட்டாசிச் சொல்லைச் சொல்கிறது. சர்வர், நீ யாரென்று எனக்குத் தெரியாது என்கிறது. இதில் அந்த அம்மா கை வைக்க ஒன்றுமே இல்லை.

முதலாளி நெடுநேரம் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவர் வாயைத் திறக்கும் வரைதான்.

"அப்ப தப்பு சர்வர்லதானுங்களே இருக்குது."

"எப்படீங்க?"

"மிசினு நல்ல நாள்ல சொன்ன சொல்லத்தான சொல்லுது? அது மாறல. சர்வர்தான் மாறிப் போச்சு. அப்ப சர்வரையும் ஆயுத பூஜைக்குக் கொண்டு போயிருங்க. ரண்டும் ஒரே நாள்ல நின்னுக்கும். சண்டையே வராது."

நான் அவரைப் பார்த்தேன். மனிதர் விளையாடவில்லை. சர்வரைப் புரட்டாசிக்குத் தள்ளினால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு லாரியும், ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு பில்லும் பிறக்காதவையாகிவிடும் என்றேன். வெளியே நிற்கிற லாரிக்காரர்களிடம், நீங்கள் இன்னும் வரவே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றேன்.

"அது ஆவாதுங்களா?"

"ஆகாதுங்க."

"நீங்க வாழப்பாடிப் பக்கத்து ஆளு. எல்லாத்தையும் நேராப் பேசிப்போடுவீங்க" என்றார் கொஞ்சம் வருத்தமாக. பிறகு சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "எமகண்டம் போயிட்டிருக்குது. பன்னெண்டுக்கு மேல வேலையத் தொடுங்க. அதுவும் ஒண்ணரைக்குள்ள முடிச்சுப்போடோணும். ஒண்ணரைக்குக் குளிகை பொறந்துரும். குளிகைல செஞ்சா, செஞ்சது திரும்பத் திரும்ப வரும். ரிப்பேரக் குளிகைல பண்ணுனா நீங்க எங்கூட்லயே பாயப் போட்டுப் படுத்துக்கோணும்."

லாரிகள் ஹாரன் அடித்தன. எமகண்டம் அவற்றைச் சட்டை செய்யவில்லை. வெயில் தாங்காமல் வாசல் மரத்தடிக்கு நகர்ந்திருந்த பாயம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் பண்ணலேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"என்ன சொன்னாரு?"

"சர்வர்மேல தப்புன்னாரு."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பாவம் சர்வரு. அதுக்கும் மத்தியானம் சாவி வாங்கிருவாங்களா?"

பன்னிரண்டைத் தாண்டியதும் வேலையைத் தொட்டேன். அதை வேலை என்று சொல்வதற்கே கூச்சம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுத்து, புதிய ரகசியச் சொல்லை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான். கணினி ஒரு மூச்சு விட்டது. சரி என்றது. யார் முதலில் பேசுவது, யார் வீட்டு வாசலுக்கு யார் போவது, பஞ்சாயத்தில் யாரை உட்காரவைப்பது என்ற எந்தக் கேள்வியும் அங்கே எழவில்லை. பிரிண்டரை மறுபடி சேர்த்தேன். வாழைக்கன்றையும் வெள்ளைச் சட்டையையும் எடுத்துவிட்டு நீலத்தைப் போட்டேன். எடைக் கணக்கெல்லாம் சர்வரில் இருந்ததால் ஒரு மூட்டைகூடத் தொலையவில்லை. நல்ல நேரம் பாதிக்கும் மேல் மிச்சமிருந்தது.

முதலாளியும் மச்சினனும் கண்ணாடி அறைக்கு வந்தார்கள். "சரியாப் போச்சுங்களா?" என்றார் முதலாளி.

"சரியாப் போச்சுங்க. அந்த அம்மாவ வந்து லாகின் பண்ணச் சொல்லலாங்களா?"

மச்சினன் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது என்னான்னா சார்," என்றார் முதலாளி, "காலைல டிரைவர்க கிட்டயெல்லாம் சொல்லிப்போட்டேன். இனிமே மச்சினன்தான் எடை போடுவாருன்னு. சொன்ன சொல்ல மாத்துனா எனக்கு என்ன மருவாதி?"

"தப்பு அவங்க மேல இல்லைன்னு தெரிஞ்ச பின்னாடியுமா?"

"தெரியுதுங்க. இல்லீங்கல. ஆனாச் சொல்லிப்போட்டேனே."

இதைத்தான் என்னால் அந்தக் கறுப்புத் திரையில் தட்ட முடியாது. மெஷின் பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றதற்காவது ஒரு காரணம் இருந்தது, யாரோ அதைப் பிடித்துத் தள்ளினார்கள். முதலாளியை ஒருவரும் தள்ளவில்லை. அவராகவே காலையில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மத்தியானத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். லாரிகள் தேங்கி நிற்கின்றன என்றேன். அந்த அம்மா போட்ட எடையில் ஒருநாளும் வம்பு வந்ததில்லை என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே, மச்சினனை உட்காரச் சொன்னார். மச்சினன் உட்கார்ந்து, முதல் லாரியை மேடையில் ஏற்றச் சொல்லி, ஓட்டுநரும் கிளீனரும் லாரிக்குள் இருக்கும்போதே எடையைப் பதிவு செய்தார். ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏப்பா, எங்க ரண்டு பேத்தையுஞ் சேத்தா தீவனத்துல அரைக்கப் போற? பாயம்மா எங்க?"

"இனிமே நாந்தேன்" என்றார் மச்சினன்.

"அப்ப வண்டி இங்கியே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் திரும்பிப் போய், மேடைமேலேயே லாரியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் பீடி பற்றவைத்தார்கள். மச்சினன் பதிந்ததை அழிப்பது எப்படி என்று என்னைப் பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே இளநீர்க் கடையைப் பார்த்தேன். இப்படியே பேச்சும் ஹாரனுமாக நேரம் போனது.

அப்போது பாயம்மா உள்ளே வந்தார். சோற்றுப் பையை மேசையில் வைத்தார். இடுப்பிலிருந்து எடை மேடைச் சாவிக்கொத்தை எடுத்து, முதலாளிக்கு முன்னால் நீட்டினார்.

"மத்தியானம் குடுக்கச் சொன்னீங்க. வாங்கிக்குங்க."

முதலாளி கையை நீட்டினார்.

"வாங்கிக்குங்க. ஒண்ணரை தாண்டிருச்சு, குளிகை பொறந்தாச்சு. வாங்கிக்கலாமான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நீட்டிய கை நடுவழியில் நின்றது. அவர் சுவரைப் பார்த்தார், அங்கே கடிகாரம் இருந்தது. மச்சினனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன்.

"குளிகைல ஆள நிறுத்துனா, அப்புறம் வரவங்க போறவங்களையெல்லாம் நிறுத்திக்கிட்டே இருக்கணும்னு போன வருசம் நீங்கதான் சொன்னீங்க" என்றார் பாயம்மா, மழைச் சாக்கைப் பற்றிப் பேசும் அதே குரலில். "வாட்ச்மேனு அப்ப ராஜினாமா குடுக்க வந்தாரு. மூணு மணிக்கு மேல வாங்கன்னு திருப்பி அனுப்புனீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எனக்கென்ன, நான் குடுத்துட்டுப் போயிருவேன்."

"நம்ம பஞ்சாங்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மச்சினன்.

"எட்டு வருசமா உங்க லாரிய நல்ல நேரம் பாத்து ஏத்தி எறக்குறது யாருங்க தம்பி? நீங்களா?"

முதலாளியின் கை மெல்லப் பின்னால் போனது. சூடு பட்ட கை போகிற வேகத்தில் போயிருக்கும், மரியாதை கருதி மெல்லப் போனது. வெளியே ஹாரன்கள் ஒன்றை ஒன்று துரத்தின.

"மாப்ள, எந்திரி" என்றார்.

"மாமா..."

"எந்திரின்னு சொன்னேன். குளிகைல இப்பிடித் தப்புத் தப்பா எடை போட்டீன்னா அதுவுந்தான் திரும்பத் திரும்ப வரும்." பிறகு பாயம்மாவைப் பார்க்காமல், எடை மேடையைப் பார்த்துச் சொன்னார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும் சாமி. மூணு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

மன்னிப்பு என்ற சொல் அந்த ஆலையின் வாசல் வரைகூட வரவில்லை. காலையில் நடந்தது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. நேரம் சரியில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பாயம்மா நாற்காலியின் உயரத்தைத் தன் அளவுக்கு ஏற்றினார், மச்சினனின் எடையை அழித்தார், மைக்கில் ஓட்டுநரையும் கிளீனரையும் இறங்கச் சொன்னார். ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து, பிட்டத்துத் தூசியைத் தட்டினார். வரிசை நகர்ந்தது.

மூன்று மணிக்கு முதலாளி மோகனூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது எல்லா லாரிகளும் போயிருந்தன. அதற்கு மேல் எதைப் பார்த்துக்கொள்வது.

நான் கிளம்பும்போது பாயம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "சார், நான் எந்திரிச்சுப் போற நேரத்துல யாரும் தொட முடியாதபடி இதப் பூட்ட முடியுங்களா?"

"ரெண்டு பொத்தானை ஒண்ணா அழுத்தினாப் போதும்" என்று காட்டிக் கொடுத்தேன். மெஷினின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றி, மச்சினனுக்குத் தெரியாததாக வைத்துவிட்டுப் போனேன்.

அதற்கப்புறம் வேறு வேலையாக ஆனி மாதம் அந்த ஆலைக்குப் போனேன். கண்ணாடி அறை வாசலில் முதலாளி என்னைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே பாயம்மா டீ குடிக்க எழுந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார். இந்தப் புள்ள ரண்டு எட்டு எடுத்து வெச்சாலும் மிசினப் பூட்டிட்டுத்தான் போகுது. என்னமோ திருடன் இருக்கற மாதிரி." அவர் குரலை உயர்த்தினார். "ஏஞ்சாமி, நாந்தான இங்க நிக்கறேன். எதுக்குப் பூட்டற?"

பாயம்மா இரண்டு பொத்தான்களையும் அழுத்தினார். திரை மூடிக்கொண்டது.

"நீங்க நிக்கிறதாலதானுங்க" என்று சொல்லிவிட்டு டீ வாளி இருக்கும் பக்கம் நடந்து போனார்.